உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானின் அலையடங்கிய விரிகுடாக் கடற்கரைகள்

சின்னக் குழந்தைகளோடு பயமில்லாமல் இறங்கக்கூடிய கடல் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ஜப்பானியர்கள் விரிகுடாக் கரைகளைத்தான் காட்டுவார்கள். டோக்கியோவுக்கு அருகில் ஜூஷியும் காமகூராவும், கோபேயில் சூமா, ஜப்பான் கடலோரம் வகாசா என்று பட்டியல் நீளும். அந்தக் கரைகளின் அமைதியில் பாதியைத்தான் இயற்கை தந்தது. மறுபாதி மனிதர்கள் பாடுபட்டுச் சேர்த்தது. இதோ சில செய்திகள்.

அலை அடங்குவது எப்படி?
நடுக்கடலிலிருந்து நேராக வரும் அலை, ஆழம் குறைந்த இடத்தைத் தொட்டதும் வேகம் குறைந்து வளைகிறது. கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளில் அதன் விசை குவிந்து மோதும். உள்வாங்கிய விரிகுடாவிலோ அதே விசை அகலமாகப் பரவித் தளர்ந்துபோகும். முனையில் பாறை அரிக்கப்படுவதும் விரிகுடாவில் மணல் சேர்வதும் இதனால்தான். பெரிய சகாமி விரிகுடாவின் ஓரத்தில், இருபுறமும் முனைகள் அணைத்த சிறு விரிகுடாதான் ஜூஷி. டோக்கியோவிலிருந்து ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இறங்கிக் கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம்.

மருந்தாகத் தொடங்கிய குளியல்
கடலில் குளிப்பது ஜப்பானில் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை; வைத்தியமாகத் தொடங்கியது. ராணுவ மருத்துவராக இருந்த மட்சுமோட்டோ ஜுன், 1885-ல் சகாமி விரிகுடாவின் ஓய்சோ ஊரில் கடற்குளியலுக்கு ஓர் இடம் அமைத்தார். உப்பு நீரும் அலையும் உடம்பில் பட்டால் நோய் தீரும் என்பது அவர் நம்பிக்கை. வந்தவர்கள் நீந்தவில்லை. கடலுக்குள் நட்ட கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அலையை உடம்பில் வாங்கினார்கள். 1887-ல் ஓய்சோவுக்கு ரயில் வந்தது, கூட்டமும் வந்தது.

கடலுக்கும் திறப்பு விழா
ஜப்பானின் பெரும்பாலான கடற்கரைகளில் குளியலுக்கென்று ஒரு பருவம் உண்டு. ஜூலையில் பூசாரிகள் வந்து பாதுகாப்பு வேண்டிப் பூசை செய்ய, கடல் 'திறக்கப்படும்'. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மூடப்படும். அதற்குப் பிறகும் மணலில் நடக்கலாம், உட்காரலாம். ஆனால் உயிர்காப்பாளர்கள் இருக்க மாட்டார்கள். ஜூலை மூன்றாம் திங்கள்கிழமை 'கடல் நாள்' என்ற தேசிய விடுமுறை. 1876 ஜூலை 20 அன்று மெய்ஜி பேரரசர் கப்பலில் யோகோஹாமா துறைமுகத்துக்குத் திரும்பியதை நினைவுகூரும் நாளையே 1996-ல் விடுமுறையாக்கினார்கள். 2003 முதல் அது திங்கள்கிழமைக்கு மாறியது.

இரண்டு மாத வீடுகள்
பருவம் நெருங்கும்போது மணலின் மேல் மரச்சட்டம் நிறுத்தி, பலகை அடித்து, வரிசையாகக் கொட்டகைகள் எழும். 'உமி நோ இஎ', அதாவது கடல் வீடு என்று பெயர். உடை மாற்ற அறை, குளிக்க நன்னீர், பெட்டகம், வாடகைக்குக் குடையும் மிதவை வளையமும் அங்கே கிடைக்கும். கூடவே வறுத்த நூடுல்ஸ், கறி சாதம், ராமென். பருவம் முடிந்ததும் அத்தனையையும் பிரித்து எடுத்துவிடுவார்கள். மணல் பழையபடி வெறுமையாகும்.

சிவப்பு எழுத்துக் கொடி
கொட்டகை வாசலில் வெள்ளைத் துணியில் நீல அலை, அதன் மேல் பெரிய சிவப்பு எழுத்து என்று ஒரு கொடி ஆடினால், அங்கே 'காகிகோரி' கிடைக்கும் என்று பொருள். ஐஸ் கட்டியைச் சுழல விட்டு, கத்தியால் மெல்லிய இழைகளாகச் சீவி, கிண்ணத்தில் குவித்து, மேலே ஸ்ட்ராபெர்ரி அல்லது முலாம்பழப் பாகு ஊற்றுவார்கள். பாகு பட்ட இடம் உடனே அமிழும். பச்சை நிறம் மெல்ல அடிவரை இறங்கும். வேகமாகச் சாப்பிட்டால் நெற்றி வலிக்கும், மெதுவாகச் சாப்பிட்டால் உருகிவிடும். உப்பு நீரில் ஊறிவந்த பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது.

தர்பூசணி உடைக்கவும் சட்டம்
நம் ஊர் உறியடியைப் போன்ற விளையாட்டு ஒன்று ஜப்பானியக் கடற்கரையில் உண்டு: கண்ணைக் கட்டிக்கொண்டு, சுற்றியிருப்பவர்கள் கூவும் திசையில் நடந்து, கோலால் தர்பூசணியை உடைப்பது. 1991-ல் ஜப்பானிய விவசாயக் கூட்டுறவு அமைப்பு இதற்கு விதிகளே எழுதியது. பழத்துக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே 5 முதல் 7 மீட்டர் தூரம் இருக்க வேண்டும். கோல் 1.2 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. பழம் உள்நாட்டில் விளைந்ததாக இருக்க வேண்டும். உடைந்த பழம் அங்கேயே எல்லாருக்கும் பங்கு.

வாரியோடு வரும் குடும்பங்கள்
வசந்த காலத்தில் கடல் வெகுதூரம் வற்றும் நாட்களில், யோகோஹாமாவின் 'உமி நோ கோவென்' பூங்காக் கரை குனிந்த முதுகுகளால் நிரம்பியிருக்கும். தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லோரும் கையளவு இரும்பு வாரியால் ஈர மணலைக் கிளறி, 'அசாரி' என்னும் சிறு மட்டிகளைத் தேடுவார்கள். வாரிப் பல் ஓட்டில் உரசினால் விரலுக்கே தெரிந்துவிடும். கட்டணம் இல்லை, கட்டுப்பாடு உண்டு: ஒருவருக்கு 2 கிலோ வரை, 2 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு மட்டிகளைத் திரும்ப விட்டுவிட வேண்டும், அகலமான வாரிகளுக்கு அனுமதி இல்லை. இத்தனைக்கும் அது மனிதர் அமைத்த கரை. மணலை சிபா மாகாணத்து மலையிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள். மட்டிகள் அங்கே தாமாகப் பெருகின.

ஆஸ்திரேலிய மணல்
வகயாமா மாகாணத்தின் ஷிராராஹாமா, பால் போன்ற வெண்மணலுக்குப் பேர்போனது. அலையும் காற்றும் அரித்துக் கரை மெலிந்துவந்ததால், 1989 முதல் ஆஸ்திரேலியாவின் பெர்த் பக்கத்திலிருந்து மணலைக் கப்பலில் தருவித்து நிரப்பினார்கள். குளிர்காலத்தில் காற்று அதை அள்ளிப் போகாமலிருக்க வேலி கட்டுகிறார்கள். அங்கே குழந்தை கட்டும் மணல் கோட்டையில் இரு கண்டங்கள் கலந்திருக்கின்றன.

நகராத நீர்க்கோடு
பசிபிக் பக்கக் கரைகளில் ஓதம் ஏறி இறங்கும் வித்தியாசம் ஒன்றரை மீட்டர் அளவுக்கு வரும். கியூஷுவின் அரியாகே கடலில் 6 மீட்டர் வரைகூடப் போகும். ஜப்பான் கடலோரத்திலோ ஒரு சாண், இரண்டு சாண்தான். குறுகலான நீரிணைகள் வழியாகவே அந்தக் கடலுக்கு வெளிக்கடலோடு தொடர்பு இருப்பதே காரணம். அதனால் வகாசா விரிகுடாவில் காலையில் விரித்த பாயை மாலைவரை நகர்த்த வேண்டியதில்லை.

நீலக் கொடி
1985-ல் பிரான்ஸில் தொடங்கிய 'புளூ ஃபிளாக்' சான்று, நீரின் தரம், பாதுகாப்பு, சுற்றுச்சூழல் கல்வி, பராமரிப்பு ஆகிய நான்கு வகைகளில் 33 அளவுகோல்களைப் பார்த்துத் தரப்படுகிறது. ஜப்பானில் முதன்முதலாக அதைப் பெற்றவை இரண்டு கரைகள். காமகூராவின் யூயிகஹாமா ஒன்று, ஃபுகுய் மாகாணம் தகஹாமா ஊரின் வகாசா-வதா மற்றொன்று, ஆண்டு 2016. சூமா 2019-ல் சேர்ந்தது. நம் செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் கடற்கரை 2021-ல் பெற்றதும் இதே கொடியைத்தான்.

நீருக்கும் மதிப்பெண்
பருவம் திறக்கும் முன்பே ஒவ்வொரு குளியல் கரையின் நீரையும் எடுத்துச் சோதித்து, ஏஏ, ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். கழிவுநீர்க் கிருமிகள், எண்ணெய்ப் படலம், கரிமக் கழிவு, நீரின் தெளிவு ஆகியவை கணக்கில் வரும். ஒரு மீட்டர் ஆழத்துக்காவது அடி தெரியும் அளவு தெளிவு இருந்தால்தான் முதல் இரண்டு தரங்கள். முடிவுகள் பொதுமக்களுக்கு வெளியிடப்படுகின்றன. குழந்தையை இறக்கும் முன் பெற்றோர் பார்த்துக்கொள்ளலாம்.

பாறைக் குவியலா, துறைமுகமா?
காமகூராவின் ஜைமோகுசா கரையில் கடல் வற்றும்போது கருங்கற்குவியல் ஒன்று தலைகாட்டும். பார்த்தால் இயற்கைப் பாறை போலிருக்கும். அது 1232-ல் கட்டிய வகாஎ துறைமுகத்தின் மிச்சம். மனிதர் கட்டிய துறைமுகங்களில் ஜப்பானில் இன்றும் எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது அதுதான். ஆழமில்லாத கரையில் கப்பல்கள் உடைவதைக் கண்ட ஒரு துறவி முன்நின்று கட்டியது. சீனக் கப்பல்கள் கொண்டுவந்த பச்சைப் பீங்கானின் துண்டுகள் இந்தக் கரை மணலில் கிடைத்திருக்கின்றன.

அரியணையும் ஆராய்ச்சியும்
ஹயாமா ஊரின் இஷிகி கடற்கரையை ஒட்டி அரச குடும்பத்தின் மாளிகை 1894 முதல் இருக்கிறது. 1926 டிசம்பர் 25 அன்று தைஷோ பேரரசர் காலமானது அங்கேதான். அவர் மகன் ஹிரோஹிட்டோ அரியணை ஏறியதும் அங்கேதான். ஹிரோஹிட்டோ கடலுயிர் ஆராய்ச்சியாளரும்கூட. சகாமி விரிகுடாவில் படகில் போய்ச் சேகரித்த ஹைட்ராய்டு என்னும் நுண்கிளை உயிர்களைப் பற்றி அறிவியல் நூல்கள் எழுதினார்.

மேலே அமைதி, கீழே ஆழம்
முழங்கால் நீரில் குழந்தை தவழும் அதே சகாமி விரிகுடா, கரையைவிட்டுச் சிறிது தூரம் போனதும் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஆழமாகிவிடுகிறது. கால்களை விரித்தால் 3.7 மீட்டர்வரை அகலும் ஜப்பானியச் சிலந்தி நண்டு அங்கே வாழ்கிறது. கால்விரிப்பில் உலகின் மிகப் பெரிய கணுக்காலி அது. இந்த வளத்துக்காகவே டோக்கியோ பல்கலைக்கழகம் 1886-லேயே மிசாகியில் கடலாய்வு நிலையம் அமைத்தது.

அடைபட்ட நீரின் அபாயம்
அலையில்லாத நீர், அழுக்கை வெளியேற்றாத நீரும்கூட. 1972 கோடையில் செட்டோ உள்நாட்டுக் கடலில் கழிவுநீரின் சத்தைத் தின்று பெருகிய பாசிகளால் செந்நீர் படர்ந்தது. ஹரிமா பகுதிப் பண்ணைகளில் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த ஆண்டே, 1973-ல், அந்தக் கடலைக் காக்கத் தனிச் சட்டம் வந்தது. இன்று அதே கடலோரத்துச் சூமா கரையில் குடும்பங்கள் நம்பிக்கையோடு இறங்குவதற்குப் பின்னால் அரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது.

மினமாத்தா மறக்கவில்லை
கியூஷுவின் மினமாத்தா விரிகுடாவும் கண்ணுக்குக் குளம் போல அமைதியானதுதான். ரசாயன ஆலை வெளியேற்றிய பாதரசக் கழிவு அங்கேயே தங்கி, மீனில் ஏறி, மீன் தின்ற குடும்பங்களின் நரம்பைச் சிதைத்தது. நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது 1956 மே 1. நச்சுச் சேற்றைத் தோண்டியெடுத்து, 58 ஹெக்டேர் பரப்பில் அடைத்து மூடினார்கள். விரிகுடாவை மறித்திருந்த வலையை 1997-ல்தான் அகற்றினார்கள். புதைத்த நிலத்தின் மேல் இப்போது பூங்கா இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களின் போராட்டம் அதோடு முடிந்துவிடவில்லை.

திமிங்கிலக் குட்டி
2018 ஆகஸ்ட் 5 அன்று யூயிகஹாமா கரையில் ஒரு நீலத் திமிங்கிலக் குட்டி இறந்து ஒதுங்கியது. நீளம் 10 மீட்டருக்கு மேல். ஆனாலும் பால்குடி மறக்காத வயது. வயிற்றை ஆராய்ந்தபோது ஒரு பிளாஸ்டிக் தாள் துண்டு கிடைத்தது. அது கடல் அனுப்பிய செய்தி என்று எடுத்துக்கொண்ட கனகாவா மாகாணம், அடுத்த மாதமே பிளாஸ்டிக் குப்பையை ஒழிக்கும் பிரகடனம் வெளியிட்டது. அந்த மாகாணத்தின் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கரையைத் துப்புரவு செய்வதற்கென்றே 1991 முதல் ஓர் அறக்கட்டளை இயங்குகிறது.

பாட்டுக்குத் தடை, பிள்ளைகளுக்கு இடம்
குடியும் கூச்சலும் பெருகியதால் குடும்பங்கள் வரத் தயங்கிய காலம் ஜூஷிக்கு இருந்தது. 2014-ல் நகர நிர்வாகம் விதியைக் கடுமையாக்கியது: மணலில் மது அருந்தக் கூடாது, ஒலிபெருக்கியில் பாட்டு வைக்கக் கூடாது, பச்சை குத்தியவர்கள் அதை வெளியே தெரியும்படி காட்டக் கூடாது. சூமாவிலும் 2008 முதல் இதையொத்த கட்டுப்பாடுகள் உண்டு. போகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

சக்கர நாற்காலியும் அலையைத் தொடும்
மணலில் சக்கரம் புதையும் என்பதால் கடலைத் தூரத்திலிருந்தே பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். சூமாவில் தன்னார்வலர்கள் 2017 முதல் மணல்மீது நீல நிறப் பாய்விரிப்பை நீர்வரை விரிக்கிறார்கள். நீரில் மிதக்கும் நாற்காலியும் வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையும் தன் தம்பி தங்கையோடு சேர்ந்தே கடலில் நனைகிறது. குடும்பக் கடற்கரை என்ற பெயர் அப்போதுதான் பொருந்தும்.

36 மாணவிகள்
1955 ஜூலை 28. இசே விரிகுடாவை ஒட்டிய ட்சு நகரக் கடற்கரையில் பள்ளி நீச்சல் வகுப்பு. திடீரென நீரோட்டம் இழுத்ததில் 36 மாணவிகள் மாண்டார்கள். அதே ஆண்டு மே மாதம் செட்டோ கடலில் ஷியுன் மாரு கப்பல் மூழ்கி 168 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 100 பேர் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். இந்த இரண்டு துயரங்களும்தான் நாடெங்கும் பள்ளிகளில் நீச்சல்குளம் கட்டத் தூண்டின. இப்போது பல பள்ளிகளில் உடுத்திய உடையோடு நீரில் விழுந்தால் என்ன செய்வது என்றும் பழக்குகிறார்கள். கைகால் அடித்துச் சோர்ந்துபோகாதே. மல்லாந்து மிதந்து உதவிக்குக் காத்திரு என்பதே பாடம். காலிப் பிளாஸ்டிக் புட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தால் மிதப்பது இன்னும் எளிது.

முன்னோர் நாளுக்குப் பிறகு இறங்காதே
ஆகஸ்ட் நடுவில் முன்னோரை வரவேற்று வழியனுப்பும் 'ஓபோன்' வரும். அதற்குப் பிறகு கடலில் குளிக்கக் கூடாது என்பது பெரியவர்கள் சொல். காரணமும் இருக்கிறது: அந்த நாட்களில் சொறிமீன்கள் கரையோரம் பெருகும். சகாமி விரிகுடாவில் தெற்குக் காற்று வீசினால் நீலப் பை போன்ற போர்த்துகீசியப் போர்க்கப்பல் சொறியும் ஒதுங்கும். செத்துக் கிடந்தாலும் அதன் இழைகள் கொட்டும். குழந்தை எடுக்க விடாதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்காமல், கடல்நீரால் கழுவி, உயிர்காப்பாளரிடம் காட்டுங்கள்.

வைக்கோல் போரில் வைத்த தீ
அலையைத் தளர்த்தும் விரிகுடா, சுனாமியை உயர்த்தும். அகன்ற வாய் வழியே நுழையும் நீர், ஒடுங்கிய உட்பகுதியில் போக இடமின்றி எழும்பும். 1854 டிசம்பர் 24 மாலை, வகயாமாவின் ஹிரோ கிராமத்தில் பெரும் நிலநடுக்கம். ஹமகுச்சி கோர்யோ என்ற வணிகர், இருட்டில் வழி தெரியாமல் தவித்த மக்களுக்கு மேடான இடம் தெரியும்படி வயலில் அடுக்கியிருந்த வைக்கோல் போர்களுக்குத் தீ வைத்தார். வெளிச்சத்தைப் பார்த்து ஏறியவர்கள் பிழைத்தார்கள். பிறகு வேலையிழந்த ஊராருக்குத் தன் பணத்தில் கூலி கொடுத்து, 600 மீட்டர் நீளம், 5 மீட்டர் உயரத்தில் கரை எழுப்பினார். 1858-ல் அது முடிந்தது. 1946-ல் சுனாமி வந்தபோது ஊரின் பெரும்பகுதியை அந்தக் கரை காத்தது. அன்றைய ஜப்பானிய நாட்காட்டியில் தீ வைத்த நாள் 11-ஆம் மாதம் 5-ஆம் தேதி. ஐ.நா. 2015-ல் நவம்பர் 5-ஐ உலக சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது இதைக் கொண்டே.

கட்டம் போட்ட கொடி
சங்கு ஊதினால் நீருக்குள் இருப்பவருக்கும் காது கேளாதவருக்கும் எப்படித் தெரியும்? அதற்காகவே 2020 ஜூனில் ஜப்பான் வானிலை நிறுவனம் கொடி ஒன்றை முறைப்படுத்தியது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று நான்கு பெரிய கட்டங்கள். உயிர்காப்பாளர் அதை ஆட்டினால் சுனாமி எச்சரிக்கை என்று பொருள். அப்போது செருப்பு, பை எதையும் தேடக் கூடாது. உடனே கரையேறி மேட்டுக்கு ஓட வேண்டும்.

போகிறவர்களுக்கு
சிவப்பு-மஞ்சள் கொடிகள் இரண்டுக்கும் நடுவே மட்டும் குளியுங்கள். முழுச் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் இறங்காதீர்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படைக்கு 118, ஆம்புலன்ஸுக்கு 119. குப்பைத் தொட்டியைத் தேட வேண்டாம், உங்கள் குப்பை உங்கள் பையிலேயே வரட்டும். பாயை விரிக்கும் முன்பு சுனாமியின்போது ஒதுங்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகை எங்கே இருக்கிறதென்று ஒருமுறை பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். 2004 டிசம்பர் 26-ஐக் கண்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்கிவிட்டுப் பிறகு நிம்மதியாகக் கடலில் இறங்குங்கள்.